அசையாமல் உட்கார்ந்திருந்த குருவி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. கடைக்காரர் என்னைக் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். நானோ எழுத்துப் பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரில் இருந்த குருவிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் வயிறு, உப்பிய இறகு, பாதி மூடிய கண். இவ்வளவு நிதானமாகப் படத்துக்கு உட்கார்ந்த பறவையை நான் பார்த்ததே இல்லை.

"நீங்க எடுத்ததா? அபாரம்!"

"அதைக் கழட்டணும். மனசு வரமாட்டேங்குது. எங்கக்கா ரூம் ஜன்னலுக்கு வெளியில நான் எடுத்தது..."

அதற்குள் வேறொருவர் உள்ளே வந்துவிட்டார். அவ்வளவுதான். மீதி நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: பனி மெல்ல விலகிய அந்த அதிகாலையில், தோட்டத்தின் மூலையில் ஒரு

(வேண்டாம். எழுதுகிற எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: கணவர் போன பிறகு அக்கா தம்பி வீட்டுக்கு வந்தாள்.

(இது தேவலை. மேலே கடைக்காரருக்கு 'ர்' போட்டேன். அக்காவுக்கு அவர் வெறும் தம்பி. அதனால் இனி 'அவன்'.)

வந்தவள் சாப்பிட்டாள், தூங்கினாள், துணி மடித்தாள். பேச்சு மட்டும் இல்லை. "சண்டையாவது போடேன்க்கா!" என்று தம்பி கெஞ்சிப் பார்த்தான். ஊஹும். கடைசியில் அவள் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு தீனித் தட்டைத் தொங்கவிட்டுத் தானியம் போட்டான். பறவைகள் வந்தன.

அவனுக்குப் படமெடுக்கும் பைத்தியம் உண்டு. தட்டு தெரிகிற படத்தைப் பறவைப் படமெடுக்கிறவர்கள் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையைக் கட்டிவைப்பார்கள். பறவை தன் முறை வரும்வரை கிளையில் காத்திருக்கும். அப்போது எடுத்தால் தட்டு படத்துக்கு வெளியே போய்விடும். பார்க்கிறவர்கள், "எந்தக் காட்டுல எடுத்தீங்க?" என்பார்கள்.*

* கதை எழுதுகிற நாங்களும் இதே திருட்டு வேலையைத்தான் செய்கிறோம். நான் தட்டையும் காட்டிவிட்டேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

3

அக்கா முதலில் பேசியது குருவியிடம்.

"ஏய் மாப்பிள்ளை! நீயே மொத்தத்தையும் தின்னா பின்னால நிக்கிறவங்க எங்க போவாங்க?"

கதவுக்குப் பின்னால் நின்ற தம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பிறகு அந்தப் பேச்சு மெல்ல அவன் பக்கமும் திரும்பியது. "தம்பி, தட்டு காலிடா." "தம்பி, மாப்பிள்ளை இன்னிக்கு ஜோடியோட வந்திருக்கான், மரியாதையா நட." காலை வெளிச்சம் அறைக்குள் சாய்ந்து வரும். இறகுகளின் நிழல் போர்வை மேல் போகும், அக்காவின் கை மேல் போகும், சுவரில் ஏறிக் காணாமல் போகும். தூக்கமா விழிப்பா என்று தெரியாமல் இருவரும் அதைப் பார்த்தபடி இருப்பார்கள். கடை தாமதமாகத் திறந்தது. வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். திட்டட்டுமே என்று இருந்தான்.

(இங்கே "அவள் சிரிப்பு வெள்ளி மணியாய்" என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவள் சாதாரணமாகத்தான் சிரித்தாள்.)

4

ஒரு மத்தியானம் ஒரு குருவி வந்து கிளையில் உட்கார்ந்தது. மற்றவை வந்தன, தின்றன, போயின. இது மட்டும் போகவில்லை. தம்பி கேமராவோடு நெருங்கினான். பறக்கவில்லை. கை நீட்டினால் தொடலாம் என்ற தூரம்வரை போனான். அப்போதும் பறக்கவில்லை. 'நம்மகிட்ட பழகிடுச்சு!' என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு அக்காவிடம் நீட்டினான்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"இது போஸ் குடுக்கலடா. இதுக்கு உடம்பு முடியல."

"என்னக்கா சொல்றே?"

"அவரும் கடைசியில இப்படித்தான் நாற்காலியில உக்காந்திருந்தாரு. நல்லா ஓய்வெடுக்கறாருன்னு நெனச்சேன். வந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க."

கணவரைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றுதான்.

தம்பி எழுந்து தோட்டத்துக்குப் போனான். தட்டில் ஒரு பறவை சீக்கோடு வந்துவிட்டால் உடனே தட்டைக் கழற்ற வேண்டும், மற்றவை கலைந்து போகும்வரை தீனி வைக்கக் கூடாது. ஒரே தட்டில் தின்றால் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். படமெடுக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும், அக்காவுக்குத் தெரியாது. தட்டு போனால் குருவிகள் போகும். குருவிகளோடு அவள் பேச்சும் போய்விட்டால்? தட்டின் கொக்கியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

5

முடிவு ஒன்று: அக்கா கண்ணயர்ந்த நேரத்தில் கழற்றிவிட்டு, "பூனை தள்ளிவிட்டுடுச்சுக்கா" என்கிறான். (மாட்டேன். 'ஓய்வெடுக்கறாரு' என்று ஊரே சொன்னதைக் கேட்டு ஏமாந்தவள் அவள். இன்னொரு பொய்யை நானும் சேர்த்துக் கொடுப்பதா?)

முடிவு இரண்டு: கழற்றவில்லை. அப்படியானால் ஒவ்வொரு குருவியாக நான் சாகடிக்க வேண்டும். அக்கா அதை ஜன்னலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். போதும் சாமி.

முடிவு மூன்று: தம்பி உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். "தட்டு போனா நீ மறுபடியும் பேசாம இருந்துடுவியோன்னு பயமா இருக்குக்கா" என்பதையும் சேர்த்து. அக்கா எழுகிறாள். தோட்டத்துக்கு நடந்துபோய்த் தன் கையாலேயே தட்டைக் கழற்றுகிறாள். இதை நான் நம்புகிறேன்.

மறுநாள் காலை. வெளிச்சம் வந்துவிட்டது. போர்வை மேல் ஒரு நிழலும் இல்லை. தம்பி இரண்டு காபியோடு வந்து கட்டில் ஓரமாக உட்காருகிறான். அக்கா வெறும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த இடத்தில் அவளுக்கு ஒரு வரி வேண்டும். எவ்வளவோ எழுதிப் பார்த்தேன், எல்லாமே என் குரலில் இருக்கின்றன. அவள் குரல் எனக்கு வரவில்லை. இனி உங்கள் பாடு. காபி ஆறிப்போச்சு என்று திட்டட்டும், அவரைப் பற்றிச் சொல்லட்டும், வாய்விட்டு அழட்டும். எது வேண்டுமானாலும் கொடுங்கள். பேசாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். தம்பி காத்துக்கொண்டிருக்கிறான்.