கதவு திறந்த கணக்கு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆயிற்று. ஒரே பொத்தானைப் பத்து முறை அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு நடுவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவருக்கு வேறென்ன மிஞ்சும்? இயந்திரங்களைத்தான் நம்புவார். இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பார். அது உண்மைதான். கேட்காததைச் சொல்லவும் அதற்குத் தெரியாது என்பதை மட்டும் அவர் யோசித்ததில்லை.

ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம் இருந்தது. சேமநிதி முன்னதாகவே கைக்கு வந்துவிட்டது. பார்க்கப் பெரிய தொகை, மாதத்துக்கு என்ன வரும் என்று பிரித்துப் பார்த்தால் சிறியது. அந்தக் கேள்விக்குப் பின்னால் நின்றவை அவர் மனைவியின் கால்கள்.

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். எட்டு மணி நேரமும் நின்றே செய்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சையாகச் சுருண்டு எழும்பியிருந்தன. டாக்டர் நிற்காதீர்கள் என்றார். நின்றால்தான் சம்பளம் என்று டாக்டரிடம் யார் போய்ச் சொல்வது? வேலை முடிந்து வந்ததும் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யாருடனும் பேச மாட்டாள். அவள் சம்பளத்துக்கு ஈடாக ஒரு தொகை வீடு தேடி வந்தால் அவள் உட்காரலாம். மெக்கானிக் கேட்டது அவ்வளவுதான். மாடமாளிகை எதுவும் கேட்கவில்லை.

வங்கி வட்டி அதில் முக்கால்வாசிக்குத்தான் எட்டியது. அப்போதுதான் மனைவியின் தம்பி ரீட் என்று ஒன்றைச் சொன்னார். பல பேரிடம் பணம் திரட்டிப் பெரிய ஆபீஸ் கட்டடங்களை வாங்குகிற அறக்கட்டளை. வருகிற வாடகையில் பெரும்பங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூனிட், அதாவது பங்கு, வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடும். அவர் காட்டிய ரீட் வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்பது கொடுத்துக்கொண்டிருந்தது. "மாமா, நீங்க வீட்டுக்கே சொந்தக்காரர் ஆகல. இப்ப நாலு கட்டடத்துக்கு ஆகப்போறீங்க" என்றார்.

அந்த நாலில் ஒன்று, மெக்கானிக் பதினொரு வருடமாக மாதாமாதம் எண்ணெய் போட்டுவந்த பதினைந்து மாடிக் கண்ணாடிக் கட்டடம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

மகள் அப்படி நினைக்கவில்லை. தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், ரீட்டின் ஆண்டறிக்கையைப் பென்சிலோடு படித்தாள்.

"இந்த ஒம்பது போன வருஷக் கணக்குப்பா. யூனிட் விலை இறங்கினா, அதே பணம் அதிக சதவீதமாத் தெரியும். விலை ஏன் இறங்கிச்சுன்னு பாக்கணும்."

"ஏன் இறங்கிச்சாம்?"

"உங்க கண்ணாடிக் கட்டடத்துல எட்டுலேருந்து பன்னெண்டாவது மாடி வரைக்கும் ஒரே கம்பெனி. ட்ரஸ்டோட மொத்த வாடகையில மூணுல ஒரு பங்கு அவங்களோடது. ஒப்பந்தம் சீக்கிரம் முடியப்போகுது. இருப்பாங்களா, கிளம்புவாங்களான்னு யாருக்கும் தெரியல. கிளம்பிட்டாலும் ட்ரஸ்ட் வாங்கின கடனுக்கு வட்டி கட்டித்தானே ஆகணும்? நம்ம கைக்கு வர்றதுதான் குறையும். அறிவிப்பு வர்ற வரைக்கும் பொறுங்கப்பா."

"இருக்கப்போறாங்கன்னு அறிவிச்சா விலை ஏறிடும்" என்றார் மெக்கானிக். "யாருக்கும் தெரியலன்னு சொன்னியே, எனக்குத் தெரிஞ்சிடும். நாளைக்குச் சொல்றேன்."

லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி, எந்த மாடியில் கதவு எத்தனை முறை திறந்தது என்று எண்ணிவைக்கும். கதவுச் சக்கரம் தேய்வதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அந்த ஏற்பாடு. மாதக் கடைசியில் அதைப் படித்துப் படிவத்தில் எழுதுவது மெக்கானிக்கின் வேலை. ஆட்கள் போகும் லிஃப்ட் நாலு, சாமான் ஏற்றும் லிஃப்ட் ஒன்று. ஐந்தையும் கூட்டி மாடிக்கு ஒரு எண் போட வேண்டும். படிவத்தில் அதற்குத்தான் கட்டம் உண்டு.

மறுநாள் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து கூட்டினார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, போன மாதம் பதினாறாயிரம். இந்த மாதம் இருபத்திரண்டாயிரம். மறுபடி கூட்டினார். அதேதான் வந்தது. ஆறாயிரம் கூடுதல்! கிளம்பப்போகிற கம்பெனியா இத்தனை ஆளைச் சேர்க்கும்?

"அறிக்கை எழுதறவன் ஆபீஸ்ல உக்காந்து எழுதறான். நான் கதவையே கேட்டுட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்து. மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். அப்பா இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த ஒரு காரணத்தால் அவள் மேற்கொண்டு வாதாடவில்லை.

வியாழக்கிழமை முழுத் தொகைக்கும் யூனிட் வாங்கினார். வெள்ளிக்கிழமை மனைவி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். "நெஜமாத்தானே சொல்றீங்க?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளர் மெக்கானிக்கிடம், "இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தத்துல இருங்களேன்" என்று கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே மறுத்தார். வலது தோள் தலைக்கு மேல் தூக்க வராமல் ஒரு வருடம் ஆகியிருந்தது. போதும் என்று இருந்தது அவருக்கு.

அடுத்த மாதப் பராமரிப்புக்குப் போனார். அன்று மாடி மாடியாகக் கதவு ஓடும் தடத்தைச் சுத்தம் செய்கிற முறை. ஒன்பதாவது மாடியில் சாமான் லிஃப்டின் தடத்தில் பிரஷ் ஓடவில்லை. குனிந்து பார்த்தார். பள்ளம் முழுக்கத் தெர்மாகோல் மணிகள், அட்டைப்பெட்டித் தூள், ஒட்டுநாடாத் துண்டுகள். பிரஷைக் கையில் பிடித்தபடியே எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஒரு நாற்காலி இல்லை. தரைவிரிப்பில் மேசைக்கால்கள் அழுந்திய குழிகள் மட்டும் வரிசை வரிசையாக இருந்தன. பத்தாவது மாடிக்குப் போனார். பதினொன்றுக்கும் போனார். பன்னிரண்டுக்குப் போக மனம் வரவில்லை.

கீழே காவலாளி ஆச்சரியப்பட்டான். "உங்களுக்குத் தெரியாதாண்ணே? நீங்க போன தடவை வந்துட்டுப் போனீங்கல்ல, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியிருந்தே மூட்டை கட்டி இறக்கிட்டே இருந்தாங்களே! சாமான் லிஃப்டுக்கு மூச்சுவிட நேரமில்ல. கடைசி லோடு நேத்துத்தான் போச்சு."

கதவு திறந்ததை இயந்திரம் சரியாகத்தான் எண்ணியிருந்தது. வந்தவர் யார், போனவர் யார் என்று அதை யாரும் கேட்கவில்லை. ஐந்து லிஃப்டையும் சேர்த்துக் கூட்டாமல் சாமான் லிஃப்டைத் தனியாக வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும். முப்பத்தொரு வருடப் பழக்கம் கூட்டச் சொன்னது, கூட்டிவிட்டார். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட கதை.

மகளை அழைத்தார். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. காலையில்தான் அறிவிப்பு வந்ததாம். "முழுசாப் போகலப்பா" என்றாள் மெதுவாக. "கட்டடம் எங்கயும் ஓடாது. ஆனா வேற ஆள் வர்ற வரைக்கும் பாதிதான் வரும். அது ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. இப்ப வித்தா நஷ்டம் நமக்குத்தான்." நான் அப்பவே சொன்னேனே என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வீட்டு வாசல் வரை வந்தவர் உள்ளே போகாமல் படியில் உட்கார்ந்தார். உள்ளே மனைவி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பது கேட்டது. அவள் பாடுவாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மேற்பார்வையாளரை அழைத்து இரண்டு நிமிடம் பேசிவிட்டுத்தான் கதவைத் தள்ளினார்.

அவள் காலை முக்காலியில் வைத்து, மடியில் டீத் தம்ளரோடு இருந்தாள். கணுக்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை.

கேட்டு முடித்ததும் அவள் தம்ளரைத் தரையில் வைத்தாள். "என் இடத்துக்கு இன்னும் ஆள் போடலயாம். நாளைக்கே போய்க் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு காலை முக்காலியிலிருந்து எடுக்கப் போனாள்.

"காலை இறக்காத" என்றார் மெக்கானிக்.

அவர் குரல் உயர்ந்ததில் இருவருமே திடுக்கிட்டார்கள்.

"ரெண்டு வருஷம் இருக்கறதா இப்பத்தான் சொல்லிட்டு வந்தேன். நீ உக்காரு."

"அந்தத் தோளை வச்சுக்கிட்டா?"

"தூக்கற வேலைக்கு வேற ஆள் தர்றாங்களாம். நான் கதவுக் கணக்கைப் படிச்சுச் சொன்னாப் போதுமாம்."

"நீங்க படிச்ச லட்சணம்தான் தெரிஞ்சுபோச்சே" என்றாள் அவள். சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் தைல பாட்டிலுக்குக் கை நீட்டினாள். அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, வலது தோளைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

காலை மட்டும் இறக்கவில்லை.