எங்கள் கடைத் தராசில் கயல்

என் பேத்தி கயல் மயிலாப்பூரில் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மகள் நிஷா விடிவதற்குள் அடையாறுக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுவாள். அதனால் பிள்ளைக்குக் காலையில் உப்புமா, பொங்கல், மதியம் முட்டையோடு சோறு, எல்லாம் பள்ளிக்கூடத்தில்தான். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. சும்மா போடுகிற சோற்றில் என்ன சத்து இருந்துவிடும்?

மீனாட்சி டீச்சர் கயலின் எடையை எழுதி ஒரு அட்டை கொடுத்தனுப்பினார். ஜூனில் பதினைந்து கிலோ, டிசம்பரில் பதினேழு. எழுதுவது அவர்கள் கை. எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள்.

நான் வேலை பார்ப்பது கதிரேசனின் பழைய பேப்பர் கடையில். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கயலை நேரே கடைக்குக் கூட்டிப் போய், புத்தகப் பையை இறக்கிவிட்டு, மூட்டை வைக்கிற தராசில் ஏற்றினேன். பதினைந்து. இறக்கி மறுபடி ஏற்றினேன். பதினைந்துதான். ஆறு மாதம் தின்றதெல்லாம் எங்கே போச்சு? கன்னத்தைப் பார்த்தால் சதை பிடித்திருக்கிறது. தராசைப் பார்த்தால் இல்லை. எதை நம்புவது?

நாளையிலிருந்து அங்கே சாப்பிடாதே, நானே கஞ்சி வைத்துத் தருகிறேன் என்றேன். தராசில் நின்றபடியே அழுதாள். புதன்கிழமை பொங்கலாம்.

உள்ளேயிருந்து வந்த கதிரேசன் விஷயத்தைக் கேட்டுவிட்டு என் காதருகே குனிந்தான்.

"இன்னா நைனா, நம்ம தராசுலயா புள்ளைய நிறுத்துன? அது ரெண்டு கிலோ முழுங்கும்ல. நீயும் கூட நின்னுதான செட் பண்ணோம்."

தெரியாமல் இல்லை. பன்னிரண்டு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம் சரியான எடை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது மறந்து போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா பேப்பர் கட்டோடு வந்து நின்று, எடை சரியாக இருக்குமா என்று கேட்டார். வாய் தானாகச் சொன்னது.

"கரீட்டா காட்டும்மா."

கயல் மூக்கை உறிஞ்சினாள். "அப்போ நானு பதினஞ்சுதானா தாத்தா? நாளைக்குப் பொங்கல் கெடையாதா?"

கதிரேசன் கண்ணால் ஜாடை காட்டினான். அந்த அம்மா என் வாயையே பார்த்தார். நான் கயலின் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"பதினேழு. நீ போய்ப் பொங்கல் துண்ணு."

தராசு பதினைந்து காட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதிரேசன் திட்டினான், திட்டட்டும்.

பதினைந்தும் இரண்டும் பதினேழு. அட்டையிலும் பதினேழு. அப்படியானால் பள்ளிக்கூடத்தில் பொய் எழுதவில்லை. சோற்றையும் சும்மா போட்டு, எடையையும் சரியாக எழுதுவார்களா? அதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.