நாற்பதாவது இருக்கை

வேடந்தாங்கலுக்குப் போய்த் திரும்ப ஆளுக்கு எவ்வளவு ஆகும்? பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பு பி பிரிவு ஒரு வாரமாக இதற்காகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் கணக்கு மிஸ் லாவண்யா செய்த ஏற்பாடு. "கூட்டிக்கிட்டுப் போறது நான். செலவு எவ்ளோ, ஆளுக்கு எவ்ளோன்னு சொல்றது நீங்க. தப்பாப் போட்டீங்கன்னா பாதி வழியில இறங்கி நடக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டாள். அவள் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பிள்ளைகளோடு பிள்ளையாகச் சிரிப்பாள், ஆனால் கணக்கில் அரை மார்க் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பஸ் பேசும் பொறுப்பு ஜோயாவுக்கு. வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி அவள்தான். மிஸ்ஸின் போனிலிருந்து வேலப்பன்சாவடி பஸ்காரரிடம் அவள் பேசியதை வகுப்பே மூச்சுவிடாமல் கேட்டது.

"பதினோராயிரம் ஆவும்மா. யாரும்மா பேசுறது, டீச்சரா?"

"இல்ல சார். எட்டாவது பி. நீங்க சொல்றது ஏசி பஸ் ரேட்டு. எங்களுக்கு ஜன்னல் தொறந்தா போதும்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. டீசல், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து அறுநூறுக்கு இறக்கிவிட்டாள். நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இருநூற்று நாற்பது. நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு, சாயங்கால டீ பிஸ்கட் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு நூற்று முப்பது. மொத்தம் முந்நூற்று எழுபது. பைசா பிசகாமல் போட்டவள் அவள்தான்.

அந்த முந்நூற்று எழுபது அவள் வீட்டில் இல்லை, பாருங்கள். அவளுடைய அத்தா மஸ்தான் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பவர். இந்த மாதம் அண்ணன் ஆசிமுக்குப் பாலிடெக்னிக்கில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா அஷ்ரஃபுன்னிசா இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை நீட்டி, "இதுதாண்டி முடிஞ்சுது. மிஸ்கிட்ட கேட்டுப் பாரேன்" என்றாள். ஜோயா கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பாள்? ஆனால் வேடந்தாங்கல் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்று நோட்டில் எழுதியே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை. கடைசிக் கணக்கைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டிய நாள். ஜோயா கரும்பலகையில் எழுதினாள். ஆட்கள் 39. ஆளுக்கு 370. மொத்தம் 14,430.

"யாரு கட்டானது?" என்றான் ஜெகன். சாப்பாட்டுப் பொறுப்பு அவனுடையது.

"நான்தான். பஸ்ல போனா எனக்கு வாந்தி வரும்."

"தெனம் ஃபுட்போர்டு வரைக்கும் நசுங்கிகினு பஸ்லதான வர? அப்பல்லாம் வராத வாந்தி இப்ப இன்னாத்துக்கு வருது?"

வகுப்பு சிரித்தது. ஜோயா பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஜெகன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பலகையையே முறைத்தான்.

"மிஸ், கணக்கு தப்பு."

ஜோயாவின் கணக்கை அந்த வருடம் யாரும் தப்பு என்று சொன்னதில்லை. சட்டென்று திரும்பினாள். "எது தப்பு? வந்து காட்டு."

அவன் வந்தான். "நீ வர்ல. சரி. உன் சோறு கம்மியாவும், டிக்கெட்டு கம்மியாவும். நூத்தி முப்பது. ஒத்துக்கறேன். பஸ்சுக்காரரு ஒரு சீட்டு காலின்னு எறநூத்தி நாப்பது கொறைச்சுப்பாரா?"

ஜோயா பலகையிலிருந்த 14,430-ஐத் திரும்பிப் பார்த்தாள். தான் விலகினால் தன் செலவு முழுவதும் தன்னோடு போய்விடும் என்றுதான் நினைத்திருந்தாள். யாருக்கும் பாரமில்லாமல் ஒதுங்கிக்கொள்வதாக நினைத்துத்தான் முந்நூற்று எழுபதையும் கழித்திருந்தாள்.

"அந்த எறநூத்தி நாப்பது எங்க தலைல. ஆளுக்கு ஆறு ரூபா மேல ஆவுது" என்றான் ஜெகன்.

"ஏய் ஜோயா, உன்னால எனக்கு ஆறு ரூபா நஷ்டமா?" என்று கிரண் கத்தினான். "நஷ்ட ஈடு கட்டு!" என்றது பின் பெஞ்சு.

"அப்ப நான் என்னதான் பண்றது?" ஜோயாவின் குரல் உடைந்தது. "எங்க வீட்ல இருநூறுதான் குடுத்தாங்க!"

லாவண்யா ஜன்னலோரத்திலிருந்து ஓரடி எடுத்துவைத்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

"மிஸ், மிச்சத்த நாங்க எல்லாரும் போட்டுக்கறோம்" என்றாள் அகல்யா, மெல்ல.

"வேணாம். எனக்காக யாரும் போட வேணாம்." ஜோயா சாக்பீஸைப் பலகைத் தட்டில் வைத்தாள்.

"யாரு போடறா உனக்கு?" என்றான் ஜெகன். "எங்கப்பா குமணன்சாவடிலந்து ஷேர் ஆட்டோ ஓட்றாரு, தெரியுமில்ல? வண்டி கெளம்பற நேரத்துல ஒரு சீட்டு காலி. ஒரு அம்மா வந்து, 'பத்து ரூபாதான் கீது நைனா'ன்னுது. இருவது ரூபா டிக்கெட்டு. 'ஏறும்மா'ன்டாரு. இன்னாப்பா, பாவம் பாத்துகினு கீறியான்னு கேட்டேன். 'பாவமாவது ஒண்ணாவது. காலி சீட்டு உனுக்குப் பத்து ரூபா குடுக்குமாடா'ன்னாரு."

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள்.

"நீ எறநூறு குடு. உன் சோறு, டிக்கெட்டு நூத்தி முப்பது. மிச்சம் எழுவது ரூபா பஸ்சு காசுல சேருது. காலி சீட்டு எழுவது ரூபா குடுக்குமா? நீ வந்தா எங்களுக்கு ஆளுக்கு ஆறு ரூபா லாபம்."

ஜோயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் தனக்காக எதையாவது ஜோடித்துச் சொல்கிறானா என்று மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துப் பார்த்தாள்.

"ஆறு இல்லடா, மக்கு" என்றாள்.

"பின்ன?"

"நான் முழுசா குடுத்தாத்தான் ஆறு. எழுபதை முப்பத்தொன்பதால வகு." அவளே எழுதினாள். "ஒண்ணு எழுபத்தொம்பது."

"ஒண்ணேமுக்கா ரூபாதானா?" என்று கிரண் அலுத்துக்கொண்டான்.

"அவ்ளோதான். வேணுமா, வேணாமா?"

"வேணும்!" என்று வகுப்பே கத்தியது.

"அப்ப நானும் எறநூறுதான் குடுப்பேன்" என்றான் கிரண்.

லாவண்யா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எல்லாரும் இருநூறு குடுத்தா எவ்ளோ வருது, சொல்லு பார்ப்போம்."

"எட்டாயிரம்." கிரண் தலையைச் சொறிந்தான். "பஸ்சுக்கே பத்தாது மிஸ்."

"உங்க வீட்ல எவ்ளோ குடுத்தாங்க?" என்று ஜோயா அவனைக் கேட்டாள்.

"நானூறு."

"அப்ப மூடிக்கிட்டு உட்காரு."

ஜெகன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். லாவண்யா அவனை முறைத்தாள், ஆனால் திட்டவில்லை.

ஜோயா 39-ஐ அழித்து 40 என்று எழுதினாள். பதினாலாயிரத்து எண்ணூறில் இருநூறு போனால் பதினாலாயிரத்து அறுநூறு. அதை முப்பத்தொன்பதால் வகுத்தாள். முந்நூற்று எழுபத்து நாலும் சில்லறையும் வந்தது.

"சில்லறைக்கு எங்க போறது? முன்னூத்தி எழுவத்தஞ்சா வெச்சுக்கோ" என்றான் ஜெகன்.

"வெச்சா இருபத்தஞ்சு ரூபா மிஞ்சும். அதையும் எழுதணும்" என்று சொல்லி எழுதினாள்.

"தலைமையாசிரியருக்கு மொத்தத் தொகை மட்டும் போதும்" என்றாள் லாவண்யா, தாழ்ந்த குரலில். "பேர் பேரா யார் எவ்ளோன்னு போட வேணாம், ஜோயா."

"போடறேன் மிஸ். இல்லன்னா கூட்டினா கணக்கு வராது."

பெயர்ப் பட்டியலை எடுத்து, கடைசியில், நாற்பதாவதாகத் தன் பெயரை எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் 200 என்று போட்டாள். பக்கத்திலேயே ஜெகன் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கையை வைத்து மறைக்கவில்லை.