பத்து அடி தூரம்

கிருஷ்ணவேணி தன் புருஷனின் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். கோயிலோ, சந்தையோ, விசேஷ வீடோ, எங்கே கிளம்பினாலும் பூவராகவன் பத்து அடி முன்னால் போவான். அவள் பையும் பிள்ளையுமாகப் பின்னால் போவாள். அவன் பின்கழுத்து மச்சம்கூட அவளுக்கு மனப்பாடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இரண்டு பேரும் நாள் முழுக்க ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவன் சேலையின் உடலை நெய்வான். அவள் அருகே இருந்து சேலைக் கரைக்கு நூல் நாடா தள்ளுவாள். ஆனால் அங்கே பேச்சு ஏது? "போடு." "இழு." "இழை அறுந்துபோச்சு பாரு." இதைப் புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று சொன்னால் தறியே சிரிக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் அவளோடு சேர்ந்து தெருவில் நடந்தான். "இன்னாடா, பொண்டாட்டி முந்தானைய புடிச்சிக்கினு போற?" என்று எவனோ கேட்டுவிட்டான். கேட்டவன் அன்றைக்கே மறந்திருப்பான். இந்த மகராசன் இன்னும் மறக்கவில்லை.

அவர்கள் ஊரான செவிலிமேட்டில் புதிதாகக் குடிவந்த வாத்தியாரும் அவர் மனைவியும் சாயங்காலத்தில் ஜோடியாகப் பேசிக்கொண்டே நடப்பதைப் பார்த்தால் கிருஷ்ணவேணிக்கு வயிறு எரியும். அப்படி என்னதான் பேசுவார்கள்? ஒரு நாளாவது அவன் பக்கத்தில் நடந்து பார்த்துவிட வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

அறுபத்தெட்டாம் வருஷம், மாசி மாதம். முதலாளி வேலையாகச் சதுரங்கப்பட்டினம் போய்வந்த பூவராகவன் ஒரு புதுக் கிறுக்கோடு திரும்பினான்.

"நம்ம பாலாறு கடல்ல சேர்ற எடத்த பாத்துட்டு வந்தேன். மணல்லயே நடந்து போவலாம். முகத்துவாரத்த காலு நனையாம தாண்டலாம். வர்ற அமாவாசைக்குப் புள்ளைங்கள இட்டுக்கினு போவோம்."

செவிலிமேட்டில் பாலாறு என்றால் மணல்தான். ஊற்று தோண்டினால்தான் தண்ணீர். அந்த ஆறு கடல்வரை போகிறது என்பதையே கிருஷ்ணவேணி நம்பவில்லை. ஆனால் கடற்கரையில் கேலி பேச ஊர்க்காரன் எவனும் இருக்கமாட்டான் என்று அவள் மனம் உடனே கணக்குப் போட்டது. அமாவாசை தறிக்கு ஓய்வு நாள். நெசவாளி குடும்பம் ஊர் சுற்ற அதை விட்டால் வேறு நாள் கிடையாது.

விடியுமுன் புளிச்சோறு கட்டி, அலமு, ரேணுகா இரண்டு பெண்களையும் கிளப்பி, முதல் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, எட்டு மணிக்கெல்லாம் கடல் முன்னால் நின்றார்கள். பிள்ளைகள் கத்திய கத்தலில் கரையில் இருந்த காக்காய்கள் பறந்தன. தெற்கே ஈர மணலில் நடை தொடங்கியது. பூவராகவன் எங்கே போனான்? பத்து அடி முன்னால்!

கிருஷ்ணவேணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்காய் இல்லை. யாருக்குப் பயந்து இந்த ஓட்டம்? அவள் எட்டி நடந்தால் அவனும் எட்டி நடந்தான். ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தான். சோற்று மூட்டை பத்திரமாக வருகிறதா என்று பார்க்கிறான், வேறென்ன, என்று அவள் முணுமுணுத்தாள்.

முகத்துவாரத்துக்கு வந்ததும் பூவராகவன் மலைத்து நின்றான். அவன் நடந்துபோன மணல்திட்டைக் காணோம். ஒரே தண்ணீர். அக்கரையில் கண்டல் மரங்கள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தன.

"போன வாரம் இங்கதான் நடந்தேன், சத்தியமா!"

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி சிரித்தாள். எல்லம்மாள் என்று பேர். அந்த உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.

"அமாவாசையும் அதுவுமா காலைல வந்தா எப்டிப்பா? இன்னிக்குக் கடலு ஏறி நிக்கும்."

"அமாவாசைக்கும் அப்துல் காதருக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

"அப்துல் காதருக்கு இல்லாம இருக்கலாம். கடலுக்கு இருக்குது. போன வாரம் அஷ்டமி. தண்ணி செத்துக் கெடந்திருக்கும். மத்தியானம் வத்தும், குந்து. நானும் அதுக்குத்தான் குந்திக்கினு இருக்கேன்."

தறிக்காரனுக்கு ஓய்வு தரும் அமாவாசை கடலுக்கு ஓய்வு தருவதில்லை என்பது பூவராகவனுக்கு எப்படித் தெரியும்? அசடு வழிய உட்கார்ந்தான். கிருஷ்ணவேணி அவனைத் திட்டவில்லை. பிள்ளைகள் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். புளிச்சோற்றில் எல்லம்மாளுக்கும் பங்கு கொடுத்தார்கள். தண்ணீர் மெல்ல மெல்ல இறங்க, கண்டல் மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக வேர்கள் தலைநீட்டின.

"நைனா, வேரு தலைகீழா மொளச்சிருக்குது!" என்று அலமு குதித்தாள்.

"மூச்சு வுடற வேரும்மா அது" என்றாள் எல்லம்மாள்.

உச்சி சாய்ந்ததும் வழி திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூவராகவன் வழக்கம்போல முன்னால் புறப்பட்டான். பின்னால் போன கிருஷ்ணவேணி அவன் காலடித் தடத்திலேயே கால் வைத்தாள். முழங்கால்வரை பொதக்கென்று இறங்கிவிட்டது. எல்லம்மாள் ஓடிவந்து இழுத்துவிட்டாள்.

"ஒருத்தர் மிதிச்ச சேத்துல இன்னொருத்தர் மிதிக்கக் கூடாதும்மா, இளகிப் போயிருக்கும். முன்ன பின்ன போவாதீங்க. கைய கோத்துக்கினு ஒருத்தர் பக்கத்துல ஒருத்தரா போங்க!"

வேறு வழியில்லை. ரேணுகாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, மறு கையால் கிருஷ்ணவேணியின் கையைப் பிடித்தான் பூவராகவன். அவளுடைய அடுத்த கையில் அலமு. சேற்றில் சின்ன நண்டுகள் வளைக்குள் ஓடி ஒளிந்தன. பன்னிரண்டு வருஷ ஆசை சேற்றில் வந்து பலித்ததை நினைத்துக் கிருஷ்ணவேணிக்குச் சிரிப்பு வந்தது.

"எதுனா பேசுங்களேன்" என்றாள்.

"இன்னாத்த பேசறது?"

"எதுனா."

அவன் சேற்றில் புதைந்த அவள் காலைக் குனிந்து பார்த்தான்.

"இந்த ஊர்ல உன் மெட்டி சத்தமே கேக்க மாட்டேங்குது."

"மெட்டி சத்தமா?"

"தெருவுல டக்கு டக்குனு வருமில்ல? அத கேட்டுக்கினுதான் நடப்பேன். அது நின்னா நானும் நின்னுடுவேன். காலைல மணல்ல ஒண்ணுமே கேக்கல. நீ வரியா இல்லியான்னே தெரில. பயமா இருந்துச்சு."

அந்தப் பத்து அடி என்றைக்காவது இருபது அடி ஆனதுண்டா என்று கிருஷ்ணவேணி யோசித்துப் பார்த்தாள். கருடசேவைக் கூட்டத்தில்கூட ஆனதில்லை. தன் வேகமான நடையால்தான் அவனைத் தவறவிடவில்லை என்று இத்தனை நாள் அவள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உப்புக் காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தாள்.

முகத்துவாரத்தைத் தாண்டி, பாலாறு கடலோடு கலப்பதை ஆசைதீரப் பார்த்துவிட்டு, அதே வழியில் அதே மாதிரி கைகோத்துத் திரும்பினார்கள். கெட்டி மணல் வந்த பிறகும் பூவராகவன் முன்னால் போகவில்லை. புளி விலை, அலமுவின் ஆடுகிற பல், ஒழுகுகிற கூரை என்று எதையெதையோ பேசினார்கள். வாத்தியாரும் மனைவியும் இதைத்தான் பேசுவார்களோ என்னவோ.

செவிலிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. முனைக் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பூவராகவன் தூங்கும் ரேணுகாவைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். பத்து அடி. அவளுக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை. அலமுவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னாலேயே போனவள், நடுத்தெருவில் சட்டென்று நின்றாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நின்றுவிட்டான்.

"இன்னா?" என்றான், முகம் திருப்பாமல்.

"ஒண்ணுமில்ல, நடங்க" என்றாள் கிருஷ்ணவேணி.