ஒன்பது மணி நாற்பது நிமிடம்

1

என் தம்பி விமானத்தில் இருக்கும் நேரத்தில் இந்தக் கதையை எழுதுகிறேன். மாலை ஐந்து நாற்பதுக்கு அவன் இறங்குவான். அதற்குள் முடித்தாக வேண்டும். ஆஸ்பத்திரி பெஞ்சில் வேறு காகிதம் கிடைக்கவில்லை. அப்பாவின் ஸ்கேன் உறையைக் கிழித்து விரித்துக்கொண்டேன்.

2

முதல் வரி இப்படி இருந்தது: ‘இரண்டு நகரங்களுக்கும் நடுவே ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.’ கைப்பேசியில் தேடி எடுத்த கணக்கு. அடித்துவிட்டேன். அப்பா லாரி ஓட்டியவர், தூரத்தை டீயால்தான் அளப்பார். தம்பி வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, “எத்தனை டீ தூரம்டா?” என்று கேட்டார். விமானத்தில் ஒரு டீதான் தருவார்கள் என்று அவன் சொன்னதும், அப்படியென்றால் பக்கம்தான் என்று சமாதானமாகிவிட்டார்.

(இந்த இடத்தில் நீங்கள் சிரித்தால் தப்பில்லை. எழுதும்போது நானும் சிரித்தேன். எதிர் பெஞ்சிலிருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.)

3

அப்பாவின் மூச்சு மெல்ல மெல்ல

வேண்டாம். நேராகவே சொல்கிறேன். அப்பா இன்று காலை ஆறேகாலுக்கு இறந்துவிட்டார். தம்பிக்கு நம்மூர் நேரப்படி எட்டு மணிக்கு விமானம். ஏழரைக்கு அங்கிருந்து போன் செய்தான். எடுப்பதற்குள் சித்தப்பா என் கையை அழுத்திப் பிடித்தார்.

“தனியா வர்றவன். பக்கத்துல தாங்கிப் பிடிக்க யாரு இருக்கா? இறங்கட்டும்.”

அப்பா எப்படி இருக்கிறார் என்று தம்பி கேட்டான். அப்படியேதான் இருக்கிறார் என்றேன். (இந்த அக்கா இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வாளா என்று எனக்கே சந்தேகம். சொன்னாள்.)

“அக்கா, அவர் காதுல சொல்லு. நான் கெளம்பிட்டேன்னு சொல்லு.”

4

சொன்னேன். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் குனிந்து, சின்னவன் கிளம்பிவிட்டான் அப்பா, ஒரு டீ தூரம்தான் என்றேன். காது சில்லென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

5

வந்ததும், சொன்னாயா என்று கேட்பான். சொன்னேன் என்பேன், அது பொய்யில்லை. அடுத்து, அவர் என்ன சொன்னார் என்பான்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அப்பா, “பாத்து வரச் சொல்லு” என்கிறார். வண்டியெடுக்கும் எல்லோரிடமும் நாற்பது வருஷம் அவர் சொன்னது அதுதான். அந்த மூன்று வார்த்தையைத் தம்பி ஆயுசுக்கும் வைத்துக்கொள்வான். இரண்டாவதில் நான் உண்மையைச் சொல்கிறேன். விமானத்தில் ஒன்பது மணி நாற்பது நிமிடமும் அவனை நம்ப வைத்ததற்காக அவன் என்னை மன்னிப்பதே இல்லை. மூன்றாவதில் நான் அவனை

6

விமான நிலையத்துக்கு வந்துவிட்டேன். உறையின் ஓரத்தில் இன்னும் இரண்டு விரல் இடம்தான் பாக்கி. கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடுகிறது. பெட்டிகூட இல்லாமல் வருகிறான். என்னைப் பார்த்துவிட்டான், வேகமாக நடக்கிறான்.

இவ்வளவு நேரம் என்னோடு இருந்தீர்கள். அப்பா என்ன சொன்னார்?