போர்வையின் மறுமுனை

சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் தொட்டால் ஈரத்துணி காய்ந்துவிடும் என்பது அந்த வருட மழைக்காலத்தில்தான் தெரியவந்தது. நெஞ்சுக்குள் யாரோ வந்து குடியேறிய மாதிரி ஒரு சூடு, அவ்வளவுதான் என்றாள். முதலாளி மறுநாளே உலர்த்தும் மெஷினை நிறுத்தினார். கரண்ட் மிச்சம் என்று அவருக்கு வாயெல்லாம் பல். செய்தி பரவியதும் மூன்று மதங்களிலிருந்து மூன்று துறவிப் பெண்கள் வந்து, ஈரத்துண்டைக் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். எங்களிலும் உன்னைப் போல ஒருத்தி இருந்தாள், தன்னைச் சுவருக்குள் வைத்துக் கட்டச் சொல்லி ஜன்னல் வழியே உலகத்தைப் பார்த்தாள் என்றார் ஒருவர். எங்களவள் புருஷன் வீட்டை விட்டுப் பாடிக்கொண்டே போனவள், திரும்பவில்லை என்றார் அடுத்தவர். மூன்றாமவர், கடவுளை நினைத்து அழுதழுதே பார்வை போன ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அவங்களுக்கெல்லாம் பேச்சுத் துணைக்கு யாராவது இருந்தாங்களா?" என்றாள். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

அவளுடைய கவலை அதுதான். ஆஸ்பத்திரிப் போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடுவில் வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். பல வருடங்களாக மறுமுனை, கூட வேலை பார்க்கும் வாயாடியுடையது. கையும் கையும் சேரும்போதெல்லாம் வாயாடி "ஏண்டி" என்று தொடங்கித் தன் மருமகள் கதையில் கொஞ்சம் சொல்வாள். வீட்டில் யாருமில்லாத இவளுக்கு ஒரு நாளின் பேச்சே அவ்வளவுதான். இப்போது வாயாடி கும்பிட்டு ஒதுங்கி நின்றாள்.

"ஏண்டி, வந்து பிடிடி."

"நீங்க பெரியவங்கம்மா. உங்க கையை நான் தொடலாமா?"

அந்த மரியாதை அவளைக் கொன்றது. சூட்டைத் தணிக்கத் தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்தளவு உட்கார்ந்து பார்த்தாள், தொட்டிதான் வற்றியது. "நீ போயிடு, அவளை அனுப்பு" என்று தன் நெஞ்சைப் பார்த்து அழுதாள்.

மறுநாள் போர்வையின் மறுமுனை தானாக எழுந்து நின்றது. பிடித்திருந்தது யாராக இருந்தாலும் வேலை தெரியாத ஆள். "கோணலாப் பிடிக்காதே" என்று முதல் வாரம் முழுக்கத் திட்டினாள். அப்புறம் மூலைகள் ஒழுங்காகச் சேர்ந்தன. நடுவில் வரும்போது எதிரே அதே சூடு இருக்கும், முகம் இருக்காது.

"ஒரே ஒரு தரம் ஏண்டின்னு கூப்பிடேன்" என்று கேட்டுப் பார்த்தாள். சரி, இதற்குப் பேச வராது என்று விட்டுவிட்டு, வாயாடியின் மருமகள் கதையைத் தனக்குத் தெரிந்தவரை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். போர்வைகள் எப்போதும்போல மாலை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போயின.