நுரைக்கூட்டுக்கு அடியில்

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தாழ்ந்து கிடந்த பலாக்கிளையில் வெள்ளையாக நுரை தொங்கியதைப் பார்த்ததும், எந்தக் கழுதை ரப்பர்ப்பாலை இங்கே கொண்டுவந்து சிந்தியது என்றுதான் முதலில் திட்டினேன். பிறகுதான் இலையோடு இலையாக ஒட்டிக்கிடந்த பச்சைத் தவளையைக் கண்டேன். விரலிடுக்கில் சிவப்புச் சவ்வு. எங்கள் ஊர் கள்ளிக்காட்டுக்கு மேலே மலைக்காட்டிலிருந்து மழைக்கு இறங்கும் மரத்தவளை. நுரைக்குள் முட்டை, பொரிந்ததும் குஞ்சுகள் நேரே கீழே தண்ணீரில் விழும்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரி ஆனந்தபாய்க்கு வீடியோ போனில் காட்டினேன். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் லிஜாவின் பிரசவத்துக்கு, மூன்று மாசம் என்று சொல்லிப் போனவள். விசாவை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். "சாப்பிட்டியளா?" "சாப்பிட்டேன்." அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போயிருந்தது. நுரையைக் கண்டதும் போனுக்குள் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"குஞ்சு விழும்போ எனக்குக் காட்டணும். மறந்திராதீங்க."

அதற்குப் பிறகு தினமும் அவளே கூப்பிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே நான் சவரம் செய்துகொண்டேன்.

நடுவில், வீடுவீடாகக் கொசுப் பார்க்க வரும் ஜினி தொட்டியை எட்டிப்பார்த்தாள்.

"சுந்தரன் மாமா, டெங்கு பரவுதாக்கும். தொட்டியில கெட்டிக் கெடக்க வெள்ளத்த இப்பமே தொறந்து விடணும்."

கூடவே நின்று திறக்கவைத்துவிட்டுத்தான் போனாள். நானா விடுவேன்? ரப்பர்ப்பாலை உறைய ஊற்றும் டிஷ் ஒன்று கொட்டகையில் சும்மா கிடந்தது. கழுவித் தண்ணீர் நிறைத்து, நுரைக்கு நேர் கீழே வைத்தேன்.

மழை பெய்த ஒரு காலையில் நுரை கரைந்து குஞ்சுகள் விழுந்திருந்தன. குனிந்து பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. தண்ணீரில் புளித்த வாடை. டிஷ்ஷின் மூலையில் ஒட்டிக்கிடந்த மெல்லிய ரப்பர் ஏட்டுக்குள் பால் உறையக் கலக்கும் ஆசிட் தங்கியிருக்கிறது. ரப்பர் வெட்டியே பிழைக்கிறவனுக்கு இது தெரிய வேண்டாமா?

சாயங்காலம் போன் அடித்தது.

"விழுந்துதா?"

"விழுந்தாச்சு."

"நீந்துதா? காட்டுங்க."

"வெள்ளம் கலங்கிக் கெடக்கு. காணாது."

"லிஜா இன்னும் ஆறு மாசம் நிக்கச் சொல்லுதா. நான் வரும்போ அதெல்லாம் பெரிசாயிரும், இல்லியா?"

"பின்னே. மரத்துல ஏறியிருக்கும்" என்றேன்.

போனை வைத்துவிட்டு டிஷ்ஷைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். முகர்ந்து பார்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். மழைத்தண்ணீர் பிடித்து, வெறும் கிளைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன்.